சூப்பர்மேன் படங்களின் லோயிஸுக்கும் லானாவுக்கும் ஸ்மால்வில் பண்ணைக்கும் இன்னும் கதை மிச்சமிருக்கிறது

1989ஆம் ஆண்டு வெளிவந்த பேட்மேன் திரைப்படத்தில் ஹார்வி டென்ட் என்ற அரசு வழக்கறிஞராக பில்லி டீ வில்லியம்ஸ் சில காட்சிகளில் மட்டும் வந்து போவார். அந்தப் பாத்திரம் பின்னாளில் பாதி முகம் சிதைந்து டூ-ஃபேஸ் என்ற வில்லனாக மாறும் என்பது காமிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும் என்பதால், அடுத்த படங்களில் வில்லியம்ஸுக்குப் பெரிய இடம் காத்திருக்கிறது என்று ரசிகர்கள் நம்பினார்கள். ஆனால் 1995இல் அந்த வேடம் டாமி லீ ஜோன்ஸுக்குப் போயிற்று. பழைய டென்ட் என்ன ஆனார் என்ற கேள்வி அப்படியே கிடந்தது. 2021இல், முதல் படத்தின் திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான சாம் ஹாம், ஓவியர் ஜோ கினோனஸுடன் சேர்ந்து அந்தப் படத்தின் உலகிலேயே நடக்கும் ஒரு காமிக்ஸ் தொடரை எழுதி, வில்லியம்ஸின் டென்ட்டுக்கு உரிய கதையை அவருக்கே கொடுத்தார். ஒரு பழைய படவரிசையைத் தொடர்ந்து எழுதுகிறவர்களின் முதல் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்: படம் எடுத்தவர்கள் நேரமில்லாமலோ பணமில்லாமலோ பாதியில் விட்டுச் சென்ற மனிதர்களைத் தேடிப் போவது.

அதே 2021இல், 1978ஆம் ஆண்டின் சூப்பர்மேன் படத்தையொட்டி ராபர்ட் வெண்டிட்டி எழுதி வில்ஃப்ரெடோ டோரஸ் வரைந்த தொடரும் தொடங்கியது. படத்தில் அந்த வேடத்தில் நடித்த கிறிஸ்டோஃபர் ரீவின் முகத்தோடு அந்தச் சூப்பர்மேன் பிரெய்னியாக் என்ற வில்லனை எதிர்கொள்கிறான். ஒரு குப்பிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிச் சிறைவைக்கப்பட்ட, தான் பிறந்த கிரிப்டான் கிரகத்தின் நகரம் ஒன்றில் தன்னைப் பெற்றவர்களை உயிரோடு பார்க்கிறான். 2023இல் கேவின் கிட்ரியின் ஓவியத்தோடு வந்த இரண்டாம் தொடரில் பனிப்போர்க் காலச் சோவியத் ஒன்றியமும் மெட்டாலோ என்ற வில்லனும் வருகிறார்கள். இரண்டையும் மனமுவந்து படித்தேன். பெற்றோரைச் சந்திக்கும் பகுதி முதல் படத்தின் தொடக்கத்தில் நாம் பட்ட துயரத்துக்கு ஓர் ஆறுதலைத் தருவதால், முதல் தொடரே எனக்கு உயர்ந்ததாகத் தெரிகிறது. மேலும் கதைகள் வர வேண்டும் என்று உலகெங்கும் ரசிகர்கள் விரும்புகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் மூன்றாவதாக ஒரு வில்லனைக் கொண்டுவருவதைவிட, ரீவ் நடித்த அந்த நான்கு படங்களும் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளுக்குள் போகும் கதைகளையே நான் எதிர்பார்க்கிறேன்.

எந்த மண்ணிலிருந்து அந்தக் கதைகள் முளைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். ஃபிலிம் மீது ரசாயனப் பூச்சு ஏறும் இடத்தில் வெளிச்சம் நுழையக் கூடாது என்பதால், கை பழகிய இடங்களைத் தடவித் தடவியே ஷிஃப்ட் முழுவதும் வேலை நடக்கும் என்று சொல்வார். அப்படிப்பட்ட வேலையில் இருந்ததாலோ என்னவோ, எந்தப் படம் பார்த்தாலும் அவர் முதலில் கவனித்தது வெளிச்சத்தைத்தான். வாடகைக்கு டெக் எடுத்து வந்து நாங்கள் முதல் சூப்பர்மேன் படத்தைப் பார்த்தபோது, ஸ்மால்வில் என்ற ஊரின் வயல்களில், பின்னாளில் சூப்பர்மேனாகும் இளம் கிளார்க் தன் வளர்ப்புத்தாயிடம் விடைபெறும் காட்சியில், "டேய், இந்த ஆள் வெயிலைப் பிடிக்கலடா, பனியைப் பிடிச்சிருக்கான்" என்றார். ஒளிப்பதிவு செய்த ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் படம் வெளிவருவதற்கு முன்பே, 1978 அக்டோபரில், காலமானார். படமே அவருக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. கான்சாஸ் என்று காட்டப்படும் அந்த வயல்கள் உண்மையில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் உள்ளவை. காலையில் தொட்டபெட்டா பக்கம் பனி விலகும்போது புல்லின் மேல் படரும் மங்கலான ஒளியைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த அந்தப் பையன் அந்நியனாகத் தெரியாமல் போனதற்கு அன்ஸ்வொர்த்தின் ஒளி பெரிய காரணம்.

இன்னொரு காரணம் ரீவின் முதுகு. முதல் படத்தில், சூப்பர்மேனோடு வானில் பறந்து திரும்பிய மயக்கத்தில், கிளார்க்கோடு பத்திரிகையில் வேலை பார்க்கும் லோயிஸ் தன் வீட்டு உள்ளறைக்குப் போயிருக்கும்போது, வரவேற்பறையில் தனியே நிற்கும் கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறான். கூனிய தோள்கள் மெல்ல நிமிர்கின்றன, உயரம் கூடுகிறது, குரல் இறங்கி ஆழமாகிறது. ஒரே சட்டத்துக்குள், வெட்டு ஏதும் இல்லாமல், ஒருவன் இன்னொருவனாக மாறுகிறான். உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்து, துணிவு வராமல், மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறுகிப்போகிறான். ஆளைக் கம்பியில் தொங்கவிட்டுப் பறக்கச் செய்ததைவிட இந்தச் சில நொடிகள்தான் பெரிய தந்திரக்காட்சி என்று நான் எப்போதும் வாதிடுவேன். புதிய கதை எழுதுகிறவர்கள் மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய காட்சி இதுவே.

இனி, விட்டுப்போன கதைகளில் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுவது லோயிஸின் கதை. இரண்டாம் படத்தில் கிளார்க்தான் சூப்பர்மேன் என்பதை லோயிஸ் தன் அறிவால் கண்டுபிடிக்கிறாள். அவளுக்காக அவன் தன் ஆற்றலைத் துறக்கிறான். உலகுக்காக அதைத் திரும்பப் பெறுகிறான். கடைசியில் அந்த ரகசியத்தின் பாரம் தாங்காமல் அவள் அழும்போது ஒரு முத்தத்தால் அவள் நினைவை அழித்துவிடுகிறான். படப்பிடிப்பின் நடுவில் இயக்குநர் ரிச்சர்ட் டானர் நீக்கப்பட்டு ரிச்சர்ட் லெஸ்டர் அந்தப் படத்தை முடித்தார் என்பதும், டானரின் வடிவம் 2006இல் தனியாக வெளிவந்தது என்பதும் பலரும் அறிந்தவை. டானரின் வடிவத்தில் முத்தத்துக்குப் பதிலாகக் காலமே பின்னோக்கிச் சுழற்றப்படுகிறது. வழி வேறானாலும் இரண்டிலும் லோயிஸ் தன் வாழ்வின் மிக முக்கியமான நாள்களை இழக்கிறாள். இரண்டிலும் யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை.

சென்ற விடுமுறையில் இரண்டாம் படத்தை முதன்முறையாகப் பார்த்த என் அக்கா மகள், அதைக் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கே உரிய கோபத்தோடு கேட்டாள்.

"அது எப்படி மாமா, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே அவ நினைப்ப அழிக்கலாம்?"

"அவ கஷ்டப்படக் கூடாதுன்னுதான் கண்ணு."

"கஷ்டம் அவளோடது மாமா. அத வெச்சுக்கணுமா வேண்டாமான்னு அவதான சொல்லணும்?"

அவள் கேட்டது முழுக்க நியாயம். இத்தனை ஆண்டுகளாக அந்தக் காட்சியை ஒரு தியாகமாகவே பார்த்து வந்த ரசிகர்களிடம் இளைய தலைமுறை இந்தக் கேள்வியைக் கேட்கும், கேட்கவும் வேண்டும். புதிய கதை இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும், அதற்கான கதவு படங்களிலேயே திறந்திருக்கிறது என்றும் நான் நம்புகிறேன். 1987இல் வந்த நான்காம் படத்தில் கிளார்க் மீண்டும் லோயிஸிடம் தன்னை வெளிப்படுத்தி, அவளோடு பறந்து, மீண்டும் ஒரு முத்தத்தால் மறக்கச் செய்கிறான். ஆனால் பிற்பகுதியில், அவன் உடல்நலம் குன்றிப் படுத்திருக்கும்போது பார்க்க வரும் லோயிஸ், சூப்பர்மேனிடம் சொல்லச் சொல்லி ஒரு செய்தியைக் கிளார்க்கிடம் கொடுக்கிறாள். அந்த இடத்தில் லோயிஸாக நடித்த மார்கோ கிடரின் கண்களைப் பாருங்கள். அவளுக்கு உள்ளூரத் தெரியும் என்றே தோன்றும்.

அங்கிருந்து தொடங்கும் ஒரு கதை எனக்கு வேண்டும். லோயிஸ் பத்திரிகையாளர், அடுத்தவர் மறைப்பதைத் தோண்டி எடுப்பதே அவள் தொழில். தன் பழைய குறிப்பேட்டில் தன் கையெழுத்திலேயே இருக்கும், எழுதியதாக நினைவே இல்லாத ஒரு வரியையோ, இரண்டாம் படத்தில் அவர்கள் தங்கிய நயாகரா விடுதியின் ரசீதையோ அவள் ஒரு நாள் காண்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பட்ட ஊழல்களைத் துப்பறிந்தவள் தன் வாழ்வில் காணாமற்போன நாள்களைத் துப்பறியத் தொடங்கினால், அந்தப் புலனாய்வின் முடிவில் நிற்கப்போகிறவன் அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்தான். வில்லனே தேவையில்லாத கதை இது. அவன் மன்னிப்புக் கேட்பானா, அவள் மன்னிப்பாளா, அதற்குப் பிறகும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்வார்களா என்பதை அறிய நான் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் படிப்பேன். ஒருவரின் மனத்துக்குள்ளேயே நடக்கும் இத்தகைய கதைக்குக் காமிக்ஸைவிட நாவல் பொருந்தும். 1989 பேட்மேன் படத்தின் தொடர்ச்சியாக ஜான் ஜாக்சன் மில்லர் எழுதிய நாவல் 2024இல் வெளிவந்துவிட்டதால், அந்த வழியும் இப்போது திறந்தே இருக்கிறது. எழுதுகிறவர் ஒரு பெண்ணாக, அதிலும் செய்தி அறையின் பரபரப்பில் சில காலம் இருந்தவராக அமைந்தால் இன்னும் நல்லது.

லானா லாங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1983இன் மூன்றாம் படம் பல இடங்களில் தடுமாறினாலும், சிறுவன் ரிக்கியைத் தனியாக வளர்க்கும் தாயாக அனெட் ஓ'டூல் நடித்த லானா அதில் ஒரு பொக்கிஷம். சூப்பர்மேனைக் கண்டு மயங்காமல், தடுக்கி விழும் கிளார்க்கை அவனுக்காகவே விரும்பியவள் அவள். படத்தின் முடிவில் கிளார்க் வேலை பார்க்கும் டெய்லி பிளானெட் பத்திரிகை அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்கிறாள். நான்காம் படத்திலோ அவள் பேச்சே இல்லை. நான்கு ஆண்டு இடைவெளியில் அவளுக்கும் ரிக்கிக்கும் என்ன ஆயிற்று, பெருநகரம் ஒத்துக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார்களா என்பதை ஒரு சிறுகதை அளவில் சொன்னாலும் போதும். (அனெட் ஓ'டூல் பின்னாளில் ஸ்மால்வில் தொலைக்காட்சித் தொடரில் கிளார்க்கின் வளர்ப்புத்தாய் மார்த்தாவாக நடித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சி.)

அடுத்தது பண்ணை. நான்காம் படத்தைத் தயாரிப்புச் சிக்கனம் சிதைத்தது. 90 நிமிடங்களுக்கு வெட்டிச் சுருக்கினார்கள். பல காட்சிகளில் தந்திர வேலைகள் பார்க்கும்படி இல்லை. அணு ஆயுதங்களை ஒழிக்கச் சொல்லி ஒரு பள்ளிச் சிறுவன் சூப்பர்மேனுக்குக் கடிதம் எழுதுவது அதன் மையக் கரு. கதை அமைப்பில் ரீவின் பெயரும் உண்டு. எல்லோரும் அந்த அணு ஆயுதக் கதையையே பேசுகிறார்கள். எனக்கோ படத் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு காட்சியே நெஞ்சில் நிற்கிறது. வளர்த்த பெற்றோர் இருவருமே இல்லாத நிலையில், கிளார்க் ஸ்மால்வில்லுக்குப் போய்ப் பண்ணையை விற்கப் பார்க்கிறான். வணிக வளாகம் கட்ட வருகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டேன், உண்மையிலேயே பயிர் செய்கிற ஒருவருக்குத்தான் கொடுப்பேன் என்கிறான். அவ்வளவுதான், படம் நகரத்துக்குப் போய்விடுகிறது. அந்த நிலத்தை யார் வாங்கினார்கள் என்பது கடைசி வரை தெரிவதில்லை.

நீலகிரியில் இருப்பவர்கள் இந்தக் காட்சியைக் கடந்துபோக முடியாது. கோத்தகிரிப் பக்கம் என் அம்மாவின் அண்ணனுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பதில்லை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை கூலிக்கே சரியாகிவிடுகிறது. காட்டேஜ் கட்டுவதற்காகக் கேட்டு வரும் தரகர்களுக்குப் பெரிய மாமா சொல்லும் பதில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்: "கையில கவாத்துக் கத்தியோட வரச் சொல்லு, தர்றேன். பிளான் பேப்பரோட வந்தா அப்படியே திரும்பிப் போகச் சொல்லு." ரீவின் கிளார்க் சொன்னதும் இதேதான். உலகத்தின் ஏவுகணைகளையெல்லாம் வலையில் கட்டிச் சூரியனுக்குள் எறிந்தவனால் ஒரு பண்ணையைப் பண்ணையாகவே காப்பாற்ற முடிந்ததா? மலையைத் தூக்குகிறவனுக்கும் விளைச்சல் விலையை ஏற்றத் தெரியாதே! முதல் படத்தில் வளர்ப்புத்தந்தை ஜானதன் கென்ட் மாரடைப்பில் விழும்போது இத்தனை ஆற்றல் இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று இளம் கிளார்க் கல்லறையருகே கலங்குவதன் தொடர்ச்சி இங்கேதான் இருக்கிறது. அந்த நிலத்தை வாங்க வருகிற ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தையும், வார இறுதியில் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலிக்கம்பு நட வந்து உதவும் ஒரு பத்திரிகையாளனையும் வைத்து யாராவது எழுதினால், சூப்பர்மேன் கதைகளிலேயே சிறந்த ஒன்றாக அது அமையும்.

இந்தக் கதைகள் எந்த வடிவில் வர வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2023இல் வந்த ஃபிளாஷ் திரைப்படத்தில் ரீவின் உருவத்தைக் கணினியில் உருவாக்கிச் சில நொடிகள் காட்டினார்கள். 2004இல் மறைந்துவிட்ட ஒருவரின் முகம் அவர் நடிக்காத காட்சியில் அசைவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஓவியம் அப்படிப்பட்டது இல்லை. டோரஸ் வரைந்த ரீவ், அவரைப் பார்த்து வியந்த ஒருவரின் கை போட்ட கோடு. அவரே திரும்பி வந்ததாக அது நம்மிடம் நடிப்பதில்லை. நாவலும் ஒலி நாடகமும் அப்படியே. 1995இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்த பிறகும், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்காக அவர் செய்த பணியை அறிந்தவர்கள், அந்த முகத்தை வைத்து விளையாட மாட்டார்கள். 2025இல் வெளியான புதிய சூப்பர்மேன் படத்தில் அவருடைய மகன் வில் ரீவை ஒரு செய்தியாளராகச் சில நொடிகள் நிற்கவைத்தார்களே, அது மரியாதை.

ரசிகர்களின் ஆசைப் பட்டியல்களில் காமிக்ஸ் வில்லன்களான மிஸ்டர் மிக்ஸிஸ்பிட்லிக்கும் டூம்ஸ்டேயும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். வரட்டும், அவற்றையும் வாங்கிப் படிப்பேன். ஆனால் ஒரே ஒரு கதைக்குத்தான் இடம் என்றால் என் வாக்கு லோயிஸின் குறிப்பேட்டுக்கே. அது சிவகாசியிலிருந்து, 1972இல் இரும்புக்கை மாயாவியைத் தமிழ் பேச வைத்த முத்து காமிக்ஸின் வழியில், நல்ல தமிழில் வந்து சேர வேண்டும் என்பது கூடுதல் ஆசை. அக்கா மகள் முன்பதிவு செய்ய இப்போதே தயாராக இருக்கிறாள். அவளுடைய பிரதியோடு எனக்கும் பெரிய மாமாவுக்கும் சேர்த்து மூன்றாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.