இந்துப்புச் சுவர்: வேலைக் குறிப்பேடு

பிப்ரவரி 3, 2025

இமயமலை உப்பு என்று விற்கும் இந்துப்புக் கற்களை அடுக்கி ஒரு அலங்காரச் சுவர். இடம் வரவேற்பறையின் உள்சுவர். அகலம் 1.2 மீட்டர், உயரம் 1.8 மீட்டர், பின்னால் விளக்கு. கல்லின் அளவு 20 × 10 × 2.5 செ.மீ.; விற்பவர்கள் எட்டுக்கு நாலு, ஒரு இன்ச் கனம் என்பார்கள். உப்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.17 கிராம். அந்தக் கணக்கில் ஒரு கல் ஏறக்குறைய 1.1 கிலோ. வரிசைக்கு 6 கல், 18 வரிசை, மொத்தம் 108. எடை 117 கிலோ வருகிறது. இரண்டு இன்ச் கனக் கல் என்றால் இது இரண்டு மடங்கு, வெளிச்சமும் மங்கும். விளக்குச் சுவருக்கு ஒரு இன்ச்தான் சரி.

இவ்வளவு எடையைப் பசையை நம்பிச் சுவரில் தொங்கவிடக் கூடாது. எடை தரைக்கு இறங்க வேண்டும். சுவருடன் உள்ள பிடிப்பு முன்னால் சாயாமல் இருக்க மட்டும்.

இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே. உப்பைச் சுற்றி ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து நீர்க்கத் தொடங்கும். அதற்குக் கீழே எத்தனை வருடமானாலும் கல் கல்லாகவே இருக்கும். குளியலறை, துணி துவைக்கும் இடம், அடுப்புக்கும் சிங்க்குக்கும் பின்புறம் எல்லாம் இதனாலேயே தள்ளுபடி. மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கமும் வேண்டாம். பிளாஸ்டர் வழியே ஈரம் வரும்.

பிப்ரவரி 5

பீடம் கட்டியாயிற்று. செங்கல், 10 செ.மீ. உயரம், 15 செ.மீ. அகலம். மேலே கிரானைட் பட்டை, அதன் முன் விளிம்பில் ஒரு மெல்லிய காடி. என்றாவது உப்புத் தண்ணீர் இறங்கினால் காடியில் நிற்கும், துடைத்துவிடலாம். பளிங்கு போட வேண்டாம், உப்பு நீர் பட்டுப் பட்டு மெருகு போய்விடும். 10 செ.மீ. உயரம் தரை துடைக்கும் ஈரத் துணி கல்லில் படாமல் இருப்பதற்காக.

சிமெண்ட் வேலை, பெயின்ட் இரண்டும் முடிந்து காய்ந்த பிறகே உப்பு அந்த அறைக்குள் வரலாம். ஒரு வாரம் விடுகிறோம்.

பிப்ரவரி 8

கல் வந்தது. எண்ணிக்கை 120. வழக்கமாகப் பத்து சதவீதம் கூட வாங்குவது இதிலும் போதும். மூலை உடைந்து ஒதுக்கியவை 3.

வேறு அறையில், பிளாஸ்டிக் விரித்து அதன் மேல் அடுக்கியிருக்கிறது. வெறும் சிமெண்ட் தரையில் வைத்தால் இரண்டே நாளில் தரையில் ஈரக் கறை பிடிக்கும். ஈரப்பதமானி அருகிலேயே: 58 சதவீதம்.

பெயர் இமயமலை உப்பு. ஆனால் பெரும்பகுதி வெட்டப்படுவது பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்தில், உப்பு மலைத்தொடரில். இமயத்தின் பனிச் சிகரங்கள் அங்கிருந்து வெகு தொலைவு. நம் ஊர் மளிகைக்கடை இந்துப்பும் இந்த வகைப் பாறையுப்பே. இளஞ்சிவப்பு வருவது இரும்பு ஆக்சைடின் சிறு கலப்பால். சுவரில் பதித்தால் காற்றைச் சுத்தம் செய்யும், அயனி வெளிவிடும் என்று சொல்லி விற்பதற்கு ஆதாரம் கிடையாது. அழகுக்கு வைக்கலாம், அது போதுமான காரணம்.

பிப்ரவரி 10

முழு நாளும் தரம் பிரிப்பு. பலர் தாண்டிப் போகும் வேலை இது. சுவர் கோணுவது இங்கேதான் தொடங்குகிறது.

கல் கையால் அறுத்துத் தேய்த்தது. 10 செ.மீ. என்று சொன்ன உயரம் 99 முதல் 102 மி.மீ. வரை இருந்தது. வரிசைக்கு ஒரு மி.மீ. பிசகினால் 18 வரிசையில் 18 மி.மீ. ஏறிவிடும். ஒரு பிளைவுட் துண்டில் 99, 100, 101, 102 என்று நான்கு வாய் வெட்டி, ஒவ்வொரு கல்லையும் நுழைத்துப் பார்த்துப் பென்சிலால் அளவு எழுதியது. மார்க்கர் வேண்டாம், விளக்கு போட்டதும் மை தெரியும். ஒரே வரிசையில் ஒரே உயரக் கற்கள், அதுவே விதி.

அடுத்து நிறம். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு கற்கள் விளக்குக்கு முன் வேறு வேறு. ஒன்று ஆரஞ்சாக எரியும், இன்னொன்று களிமண் கலப்பால் கறுத்து நிற்கும். டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்து வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று குவியல். அடர்த்தியானவை கீழே, வெளிர்ந்தவை மேலே, நடுவில் கலவை. கறுத்தவற்றை ஓரங்களில் சிதறடித்தால் கண்ணுக்கு உறுத்தாது. நடுவில் இரண்டு சேர்ந்துவிட்டால் பல் விழுந்த வாய்தான்.

பசை இல்லாமல் தரையில் முழுதும் அடுக்கி அளந்தபோது உயரம் 1,812 மி.மீ. காகிதக் கணக்கு 1,800. சட்டத்தை இந்த அளவு தெரிந்த பிறகே வெட்ட வேண்டும்.

பிப்ரவரி 11

வெட்டு. செங்கல் கட்டுப்போல மாற்றி அடுக்குவதால் ஒன்று விட்டு ஒரு வரிசையில் இரு ஓரத்திலும் அரைக்கல். 9 கல்லை நடுவில் வெட்டினால் 18 அரைக்கல்.

4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர், விளிம்பு தொடர்ச்சியான டைமண்ட் பிளேடு, தண்ணீர் கிடையாது. கிரானைட் வெட்டிப் பழகிய கை தானாகவே தண்ணீரைத் தேடும், கவனம். ஒரே தடவையில் அழுத்தி இறக்கக் கூடாது. முதலில் 5 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் கோடு, பிறகு படிப்படியாக. உப்புப் படிகம் கனசதுர முகங்களில் பிளப்பது. அவசரப்பட்டால் கோட்டை விட்டுவிட்டுத் தன் வழியில் பிளக்கும். இன்று 2 கல் அப்படிப் போயின. இரண்டும் கடைசி ஒரு சென்டிமீட்டரில், தாங்கல் இல்லாத துண்டு தன் எடையிலேயே தொங்கியதால். இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகு உடையவில்லை.

உப்பு மென்மையானது, கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவில் 2 முதல் 2.5. ஒன்றிரண்டு கல்தான் என்றால் ஹாக்ஸா பிளேடே போதும். ஓரம் தேய்க்க 80, பிறகு 120 உப்புத்தாள். உப்புக்கு உப்புத்தாள்!

மூக்குக் கவசம், கண்ணாடி கட்டாயம். வேலை முடிந்ததும் கிரைண்டரைக் காற்றால் ஊதி, துடைத்து, எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். அப்படியே போட்டால் மறுநாளே துரு.

பிப்ரவரி 12

சட்டம். பின்னால் 18 மி.மீ. மரைன் பிளைவுட், எல்லாப் பக்கமும் வெட்டு விளிம்பும் சேர்த்து பாலியூரித்தேன் இரண்டு கோட், முன்முகம் மட்டும் மேட் வெள்ளை. அதிலிருந்து 7 செ.மீ. இடைவெளி விட்டு 8 மி.மீ. தெளிந்த அக்ரிலிக் ஷீட். கல் ஒட்டப்போவது இதன் மேல்.

அக்ரிலிக் சூட்டில் நன்றாக நீளும். 1.8 மீட்டர் ஷீட் 10 டிகிரி ஏற்றத்தில் 1.3 மி.மீ. அளவுக்கு. ஓரத்தில் 3 மி.மீ. இடம், ஸ்க்ரூத் துளை ஸ்க்ரூவைவிட 3 மி.மீ. பெரிது, அடியில் வாஷர். இறுக்கிப் பூட்டினால் ஒரு கோடையிலேயே துளையிலிருந்து விரிசல் ஓடும்.

ஸ்க்ரூ, கிளாம்ப், ஆங்கர் எல்லாம் உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ். சாதாரண 304 ரகம் உப்புக்கு அருகில் பழுப்புப் புள்ளி விடும், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பற்றிப் பேசவே வேண்டாம். சுவிட்ச் பெட்டி பி.வி.சி.

நடுவில் ஒரு தாங்கு கட்டை வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் அக்ரிலிக் வயிறு தள்ளும். ஆனால் விளக்கு போட்டதும் அதன் நிழல் கறுப்புக் கோடாக விழும். கட்டையை முன்புறம் 12 மி.மீ. ஆகச் சீவி வெள்ளை அடித்ததில் நிழல் பெரும்பாலும் கரைந்தது. மீதியைக் கல் மறைக்கும்.

பிப்ரவரி 13

விளக்கு. 24 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், 2700 கெல்வின் (மஞ்சள் சாயல் வெளிச்சம்), மீட்டருக்கு 4.8 வாட், ஐபி65 (தூசியும் நீரும் புகாத உறை). வரிசைக்கு ஒன்றாக 18 ஸ்ட்ரிப், ஒவ்வொன்றும் 1.2 மீட்டர், மொத்தம் 21.6 மீட்டர், 104 வாட். வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாக மாற்றும் டிரைவரை முழுச் சுமையில் ஓட்டக் கூடாது. 20 சதவீதம் விட்டால் 130, அதனால் 150 வாட் டிரைவர். ஆறு ஆறாக மூன்று குழு, ஒவ்வொரு குழுவுக்கும் தனி ஒயர், ஒரு குழுவுக்கு 1.44 ஆம்பியர். எல்லாவற்றையும் ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்தால் கடைசி ஸ்ட்ரிப் மங்கும்.

ஸ்ட்ரிப் கல்லின் நடு உயரத்துக்கு நேராக ஓட வேண்டும். இரண்டு வரிசை சேரும் இணைப்புக்கு நேராக வைத்தால் இடுக்கு வழியே வெள்ளைக் கோடு அடிக்கும். ஸ்ட்ரிப்புக்கும் ஸ்ட்ரிப்புக்கும் 10 செ.மீ., அக்ரிலிக்குக்கு 7 செ.மீ. இந்த விகிதத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியவில்லை. சட்டத்தின் ஆழத்தை 3 செ.மீ. ஆகக் குறைத்தால் ஒவ்வொரு பல்பையும் எண்ணலாம்.

வெட்டிய முனை, சால்டர் வைத்த இடம் எல்லாவற்றிலும் சிலிக்கான் மூடி. திறந்த செம்பு சில மாதத்தில் பச்சைப் பிடிக்கும். ஸ்ட்ரிப்புகளை பிளைவுட்டில் நேராக ஒட்டவில்லை. நடுக்கட்டைக்கு இரு புறமும் இரண்டு வெள்ளைப் பலகை, அவற்றில் ஒட்டி, சட்டத்தின் பக்கவாட்டிலிருந்து இழுத்து எடுக்கும்படி. கல் ஒட்டிய பிறகு முன்னாலிருந்து எதையும் திறக்க முடியாது. டிரைவர் சட்டத்துக்கு வெளியே.

மூன்று மணி நேரம் எரியவிட்டுச் சோதித்தாயிற்று.

பிப்ரவரி 15 – 17

ஒட்டுதல், நாளுக்கு 6 வரிசை.

டைல்ஸ் பசை, சிமெண்ட், நீர் கலந்த எதுவும் ஆகாது. பசையில் உள்ள தண்ணீர் கல்லின் முதுகைக் கரைக்கும். காய்ந்த பின் பசைக்கும் கல்லுக்கும் நடுவே நிற்பது உப்புத் தூள். இரண்டு மாதத்தில் கல் கழன்று கையோடு வரும் வீடுகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான். எபாக்ஸி ஒட்டும், ஆனால் விறைப்பு: அக்ரிலிக்கும் உப்பும் வேறு வேறு அளவில் நீள்வதை அது பொறுக்காது. இங்கே நியூட்ரல் சிலிக்கான், தெளிந்த நிறம். வினிகர் வாடை அடிக்கும் மலிவு வகை அமிலம் விடும், பக்கத்தில் உள்ள உலோகத்தை அரிக்கும்.

பீடத்தின் மேல் 2 மி.மீ. ரப்பர் பட்டை, அதன் மேல் முதல் வரிசை. கல்லின் முதுகை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தூள் போக்கி, நான்கு மூலையிலும் ஓரத்திலிருந்து 15 மி.மீ. உள்ளே பட்டாணி அளவு சிலிக்கான். முழு முதுகிலும் பூசக் கூடாது. சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது, நாளுக்கு 2–3 மி.மீ. ஓரத்திலிருந்து உள்ளே போகும். உப்பும் அக்ரிலிக்கும் காற்று விடாது. நடுவில் உள்ளது வாரக் கணக்கில் களியாகவே கிடக்கும். போதாததற்கு சிலிக்கான் பட்ட இடம் வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும். மூலைப் பொட்டு கண்ணில் படாது.

இணைப்பு வெறும் இணைப்பு, இடுக்கை நிரப்பும் கிரவுட் இல்லை. கிரவுட்டிலும் தண்ணீர் உண்டே. மூன்று வரிசைக்கு ஒருமுறை ரசமட்டம், தூக்குக்குண்டு. கல்லின் கனம் 2 மி.மீ. வரை மாறும், முன்முகம் சமமாக வர வேண்டிய இடத்தில் சிலிக்கான் பொட்டைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். முன்முகம் கரடு என்றால் இந்தக் கவலை பாதி குறைவு. இரவு முழுக்க மாஸ்கிங் டேப் பிடிப்பு.

ஓரத்தையும் சேர்த்து 300 மி.லி. குழாய் 5 செலவு.

பிப்ரவரி 18

மேல் ஓரத்திலும் கீழேயும் சட்டத்தில் 10 மி.மீ. காற்றிடுக்கு, பூச்சி வலை. இரு பக்கமும் கழற்றும் மூடி.

ஈரம் புகாமல் தடுக்கும் சீலர் பூச்சு அடிக்கவில்லை. உப்பின் மேல் பூச்சு சரியாகப் பிடிப்பதில்லை. ஒரு மூலையில் ஈரம் புகுந்தால் உள்ளுக்குள்ளேயே நீர்த்து, தோல் உரிவதுபோல் உரியும். பூசாத கல்லில் கறை வந்தால் தேய்த்து எடுக்கலாம், பூசியதில் முடியாது.

துடைப்பது உலர்ந்த பிரஷ்ஷால். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நன்றாகப் பிழிந்த துணி, உடனே உலர் துணி. ஸ்ப்ரே கூடாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கவனம்: நக்கப் பழகினால் உப்பு அதிகமாகி அதற்கு ஆபத்து.

மார்ச் 4

ஈரப்பதம் 55–62. குறிக்க ஒன்றுமில்லை.

ஜூன் 21

ஒரு வாரமாக மழை. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 80. விளக்கு எரியும் நேரத்தில் கல் உலர்ந்தே இருக்கிறது. காரணம் எளிது: 80 சதவீதக் காற்றைத் தொடும் கல் 33 டிகிரிக்குச் சூடாக இருந்தால், அதன் முகத்தருகே ஈரப்பதம் 68 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

ஆனால் இடது ஓரத்தில் 5, 6ஆம் வரிசைகளில் துளி, கீழே கிரானைட் காடியில் வெள்ளை உப்புப் படிவு. ஏசி காற்று நேராக அங்கே அடிக்கிறது. ஏசி நிறுத்தி ஜன்னல் திறந்ததும் ஈரக் காற்று குளிர்ந்த கல்லைத் தொடுகிறது. 30 டிகிரியில் 60 சதவீதமே உள்ள காற்றுகூட 26 டிகிரிக் கல்லருகே 75ஐ எட்டிவிடும். ஈரப்பதமானியை அறை நடுவில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது, கல்லோடு ஒட்டி வைக்க வேண்டும்.

ஏசியின் மடலைத் திருப்பியாயிற்று. ஏசி நிறுத்துவதற்கு அரை மணி முன்பே விளக்கைப் போட வேண்டும்.

முகம் குழிந்த 2 கல் மாற்றம். ஓரத்துக் கல் என்பதால் பக்க மூடியைக் கழற்றி, மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பியைப் பின்னால் நுழைத்து ரம்பம்போல் இழுத்துச் சிலிக்கானை அறுத்தது. மேலுள்ள கற்கள் தங்கள் சிலிக்கானிலேயே நின்றன. நடுக்கல் என்றால் கம்பி நுழையாது, உளியால் மெல்லத் தட்டிப் பிளந்துதான் எடுக்க வேண்டும். பழைய சிலிக்கானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்த பிறகே புதியது. பிளேடு அக்ரிலிக்கைக் கீறும், தின்னர் அதில் விரிசல் விழ வைக்கும்.

கையிருப்பு 5 கல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக் உறையில். அளவு 100 இரண்டு, 101 மூன்று.