வளவில் ஓடிய ஜெய்சங்கர் படங்கள்

பொங்கலுக்குக் காரைக்குடி வந்ததிலிருந்து, ராத்திரியானால் மாடர்ன் தியேட்டர்ஸ் பட நிறுவனத்தின் துப்பறியும் படங்கள்தான். வீட்டின் உள்முற்றமான வளவில் பாய் விரித்து, முக்காலியில் லேப்டாப். பக்கத்தில் அப்பத்தா.

1966இல் வந்த ‘வல்லவன் ஒருவன்’, 1970இல் வந்த ‘சி.ஐ.டி. சங்கர்’. இரண்டும் கறுப்பு வெள்ளை. வண்ணம் இல்லாததுதான் இவற்றின் பலம் என்று இப்போது தோன்றுகிறது. பாதி முகத்தில் நிழல் விழுந்தாலே போதும், ஆள் நல்லவனா கெட்டவனா என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஜெய்சங்கர் எதற்கும் அலட்டிக்கொள்வதில்லை. அந்த நடையும் சுறுசுறுப்பும் இன்றைக்கும் புதுசாகவே இருக்கின்றன. ‘சி.ஐ.டி. சங்கர்’ நாயகி ஏ. சகுந்தலாவுக்கோ படமே பெயராகிவிட்டது, கடைசிவரை சி.ஐ.டி. சகுந்தலாதான்.

‘வல்லவன் ஒருவ’னில் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ பாட்டு தொடங்கியதும் அப்பத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வேதாவின் இசை, எல்.ஆர். ஈஸ்வரியின் குரல், கண்ணதாசனின் வரிகள். “நம்ம சிறுகூடல்பட்டிக்காரக எழுதுனதுப்பா இது” என்றார். குரலில் அப்படியொரு பெருமை. பாட்டு முடிகிறவரை அவர் விரல்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன்.

நாளைக்கு ‘இரு வல்லவர்கள்’. சாப்பாட்டை எட்டு மணிக்கே முடித்துவிட வேண்டும் என்று இப்போதே உத்தரவு.