பெக்கி சூவும் என் வலது மணிக்கட்டும்

கிடார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஏ, டி, ஈ மூன்று கார்டும் (பல கம்பிகளை ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) தடுமாறாமல் மாற்ற வருகிறது. அந்தத் தைரியத்தில்தான் 1950களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் 'பெக்கி சூ'வைக் கையில் எடுத்தேன். மூன்று கார்ட் பாட்டு, நடுவில் ஒரே ஒரு எஃப். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்பது கணக்கு. இப்போது ஆறாவது வாரம் ஓடுகிறது.

இடது கைக்கு இதில் பெரிய வேலை இல்லை. ஹாலி இந்தப் பாட்டு முழுவதும் வலது கையைக் கீழ்நோக்கி மட்டுமே அடிக்கிறார். ஒரு தாளக்கட்டுக்கு எட்டு அடி, எட்டும் மேலிருந்து கீழே. மேலும் கீழுமாக அடித்தால் பாதி உழைப்புதான், ஆனால் அந்த முரட்டு ஓட்டம் போய்விடுகிறது. இரண்டு விதமாகவும் போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தேன். மேலும் கீழுமாக அடித்தது சுற்றுலா பஸ்ஸில் பாடும் பாட்டு மாதிரி இருந்தது.

முதல் வாரம் முழங்கையிலிருந்து அடித்தேன். அரை நிமிடத்தில் முன்கை கட்டை மாதிரி இறுகிவிட்டது. பிறகுதான் புரிந்தது, மணிக்கட்டை மட்டும் உதற வேண்டும், கைநகத்தில் ஒட்டிய தண்ணீரை உதறுகிற மாதிரி. கம்பியை அடிக்கும் சின்னத் தகடான பிக்கை இறுக்கிப் பிடிக்காமல், நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி பிடித்தேன். மெலிசான பிக் படபடவென்று அடித்துக்கொண்டது. 0.73 மி.மீ. சரியாக இருந்தது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்து ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்தைந்தாக ஏற்றினேன். இப்போது 125ல் பாட்டு முழுக்கத் தாங்குகிறது. ரெக்கார்டின் வேகம் இன்னும் மேலே இருக்கிறது.

அந்த ரெக்கார்ட் 1957 கோடையில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் க்ளோவிஸ் என்ற சின்ன ஊரில், நார்மன் பெட்டியின் ஸ்டூடியோவில் பதிவானது. ஹாலியின் சொந்த ஊர் பக்கத்து மாநிலமான டெக்ஸஸில் இருக்கும் லபக். பெட்டி மணிக்கணக்கில் காசு வாங்காமல் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார். அதனால் ஹாலியின் குழுப் பையன்கள் நேரம் போவதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்க முடிந்தது. முந்தின வருடம் நாஷ்வில்லில் டெக்கா கம்பெனிக்காகப் பாடியபோது அந்தச் சுதந்திரம் கிடைக்கவில்லை. அங்கே கிடைத்தது பெயர் மாற்றம்தான். ஒப்பந்தத்தில் அவருடைய குடும்பப் பெயரில் ஒரு ஈ எழுத்தை விட்டுவிட்டார்கள். அவரும் போகட்டும் என்று அதையே வைத்துக்கொண்டார்.

பாட்டின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. முதலில் அது 'சிண்டி லூ'. டிரம்மர் ஜெர்ரி ஆலிசன் தன் காதலியின் பெயரை வைக்கச் சொன்னதால் பெக்கி சூ ஆனது. ஆலிசன் அதில் சிம்பலையே தொடவில்லை, டிரம்மில் விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கிறார். சத்தம் மற்ற மைக்குகளில் பாய்ந்ததால் டிரம் செட்டை முன் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். பெட்டி அந்தச் சத்தத்தை எதிரொலி அறைக்கு விட்டும் நிறுத்தியும் விளையாடியிருக்கிறார். டிரம் கிட்ட வந்து கிட்ட வந்து தள்ளிப் போவது அதனால்தான். என் எதிரொலி அறை குளியலறை. ஒரு ஸ்பீக்கரை உள்ளே வைத்து, வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து திறந்து மூடினேன். கேட்க மோசமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சோலோ, பாட்டு நின்று கிடார் மட்டும் முன்னால் வருகிற இடம். இந்த அடியை ஒரு நொடிகூட நிறுத்தாமல் கிடாரில் கம்பியின் ஒலியை எடுக்கும் பிக்கப்பின் சுவிட்சை மாற்றினால்தான் சத்தம் பளிச்சென்று எழும்பும். ஹாலிக்கு ஏது மூன்றாவது கை? இரண்டாவது கிடார்காரர் நிக்கி சலிவன் பக்கத்தில் இருந்து ஹாலியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டார். அந்த ரெக்கார்டில் அவருக்கு அதுதான் வேலை!

என்னுடைய நிக்கி சலிவன் என் மகள், ஒன்பது வயது. தலையை ஆட்டியதும் தட்டு என்று சொல்லி வைத்திருந்தேன். நான் தாளத்துக்கே தலையை ஆட்டுகிற ஆள். முதல் தடவை பாட்டு தொடங்கிய நாலாவது நொடியில் தட்டிவிட்டாள். இரண்டாம் தடவை நான் புருவத்தைத் தூக்கினேன், அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சுவிட்சையே முறைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது தடவை அவள் விரல் என் பிக்கில் மோதி, பிக் பறந்து சோபாவுக்கு அடியில் போனது.

கை வலித்த நாட்களில் ஹாலியின் மற்ற பாட்டுகளுக்குத் தாவினேன். 'எவ்ரிடே'யில் டிரம்மே கிடையாது, ஆலிசன் தன் தொடையில் தட்டுகிற சத்தம்தான் தாளம். லுங்கியில் தட்டினால் தலையணையைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. ஜீன்ஸ் போட்டதும் சட் சட்டென்று விழுந்தது. 'நாட் ஃபேட் அவே'யில் அவர் அடித்தது அட்டைப்பெட்டியை. மூன்று அடி, கொஞ்சம் இடைவெளி, இரண்டு அடி. செருப்பு வந்த பெட்டி சரிவரவில்லை. டிவி வந்த பெட்டி ரொம்ப முழங்கியது. மிக்ஸி வந்த பெட்டிதான் பொருந்தியது, அதுவும் வாயை டேப் போட்டு ஒட்டிய பிறகு. மாலை முழுக்க இதைத் தட்டியதில் எதிர்வீட்டு அக்கா வந்து, "என்ன தம்பி, வீடு மாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஹாலியைப் போல விக்கி விக்கிப் பாடவும் முயன்றேன். ஒரே எழுத்தை ஆறாக உடைக்கிறார். எனக்கு நிஜ விக்கல் வந்ததுதான் மிச்சம். விட்டுவிட்டேன்.

இதற்கிடையே தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். ஹாலியின் முதல் வெற்றிப் பாட்டு வெளிவந்தது 1957 மே மாதம். அவர் போன விமானம் விழுந்தது 1959 பிப்ரவரி 3. இருபது மாதத்துக்குச் சற்றே மேல், அவ்வளவுதான், வயது 22. கடுங்குளிரில் ஹீட்டர் வேலை செய்யாத பஸ்ஸில் ஊர் ஊராகப் போன கச்சேரிச் சுற்று அது. அந்தச் சுற்றில் டிரம் வாசித்த கார்ல் பன்ச் காலில் உறைபனிப் பாதிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அயோவாவில் கச்சேரி முடிந்த இரவு, ஹாலி ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்தார். அதே சுற்றில் பாடிய ரிச்சி வாலன்ஸும் பிக் பாப்பரும் விமானியும் அவரோடு இறந்துபோனார்கள். அந்த இருபது மாதத்தில் அவர் போட்ட பாட்டுகளில் ஒன்றைத்தான் 1958ல் லிவர்பூலில் சில பையன்கள் தங்கள் முதல் ரெக்கார்டாகப் பதிவு செய்தார்கள். பின்னாளில் பீட்டில்ஸ் ஆனவர்கள். ஹாலியின் குழுவுக்குச் சில்வண்டு என்று பெயர், அதைப் பார்த்துத்தான் இவர்களும் பூச்சிப் பெயர் தேடினார்கள். எனக்கு 24 மாதத்தில் மூன்று கார்ட்.

நேற்று ஏழாவது டேக். 125ல் வைத்து அடித்தோம். எஃப் சுத்தமாக விழுந்தது, கை இறுகவில்லை, சுவிட்சும் சரியான இடத்தில் மாறியது. போட்டுக் கேட்டால், சோலோ தொடங்குவதற்கு அரை நொடி முன்னால் தெளிவாக ஒரு குரல்: "இப்பவாப்பா?"

அதை வெட்டாமல் அப்படியே சேமித்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் 130.