சொரியாசிஸ் நாட்குறிப்பு: அக்டோபர் 2024

அக்டோபர் 6, ஞாயிறு

சொரியாசிஸ், தோலில் செதில் செதிலாகத் திட்டு கிளம்புகிற நோய், எனக்கு இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். வருகிற படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல், அதன்மேல் இளஞ்சிவப்புத் திட்டு. நம் நிறத்தில் அது அப்படித் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாக இருக்கும், மேலே சாம்பல் பூத்த மாதிரி செதில். அந்தப் படங்களைப் பார்த்து ‘நமக்கு இது இல்லை, படர்தாமரைதான்’ என்று முடிவு கட்டி, மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசுகிறவர்கள் நிறைய. அதனால்தான் இன்று என் முழங்கையை வெயில் வெளிச்சத்தில் படமெடுத்து சொரியாசிஸ் உள்ளவர்களுக்கான நம் வாட்ஸப் குழுவில் போட்டேன். ‘எனக்கும் இப்படித்தான் அக்கா இருக்கு’ என்று உடனே பதில்கள். படத்தை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது, அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

‘நிரந்தரத் தீர்வு’ வீடியோ ஒன்று மறுபடி சுற்றுகிறது. முன்னே, பின்னே என்று இரண்டு படம். இந்த நோய் தானாகவே தணியும், தானாகவே கிளம்பும். தணிந்த நாளில் எடுத்த படம் எதற்குச் சாட்சி? கட்டுக்குள் வைக்க மருந்து உண்டு, அடியோடு போக்க இன்றுவரை இல்லை. இப்படி விற்கிற பெயர் ஒட்டாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் சட்டென்று அடங்கும். நிறுத்தியதும் சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க்கொப்புளமாகவே வந்துவிடும். விற்பவர் அதைச் சொல்வதில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

குழுவில் ஒரு பெரியவர் வெட்பாலைத் தைலம் காய்ச்சாமல் செய்கிற முறையைப் படமாகப் போட்டிருந்தார். கிள்ளிய இலை, தேங்காய் எண்ணெய், வெயிலில் கண்ணாடிப் பாட்டில். நாளாக ஆக எண்ணெய் நாவற்பழ நிறத்துக்கு மாறுவது அவ்வளவு அழகு. சித்த மருத்துவத்தில் 777 எண்ணெய் என்று கொடுப்பதும் வெட்பாலையிலிருந்து வந்ததுதான். எரிச்சல் இல்லாவிட்டால் பூசிக்கொள்ளலாம், மற்ற மருந்தை நிறுத்தக் கூடாது என்பது என் டாக்டர் சொன்னது. பெரியவர் எதையும் விற்கவில்லை. தனக்கு அரிப்பு குறைந்தது என்று மட்டும் எழுதினார். இப்படி எழுதுகிறவர்களை நான் நம்புகிறேன்.

அக்டோபர் 19, சனி

காலையில் ஒரு தம்பியின் குரல் பதிவு. “அக்கா, மெத்தோட்ரெக்ஸேட் தினமும் போடணுமா, விட்டு விட்டுப் போடணுமா? வீடியோல பேரு மட்டும்தான் சொன்னாங்க.”

கேட்டதும் கை நடுங்கிவிட்டது. சொரியாசிஸுக்கு அந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்தி, வெள்ளணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. உடனே கூப்பிட்டேன். நான்கு நாளாகத் தினமும் போடுகிறாராம். சீட்டு கேட்காமலே கடையில் கொடுத்திருக்கிறார்கள்.

“வாய் எப்படி இருக்கு தம்பி?”

“ஒரே புண்ணுக்கா. காரம் பட்டா உயிர் போகுது.”

“இனி ஒண்ணுகூடப் போடாதீங்க. மாத்திரை அட்டையை எடுத்துக்கிட்டு இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

“வாய்ப்புண்ணுக்கா?”

“ரத்தத்தைப் பாக்கணும் தம்பி. எத்தனை நாள், தினம் எத்தனைன்னு மறைக்காமச் சொல்லுங்க.”

மாலையில் அவர் மனைவி பேசினார். அட்மிட் செய்து, மாத்திரையின் நச்சை முறிக்க ஃபோலினிக் அமிலம் ஊசி போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 23, புதன்

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி இறங்குகிறதாம். அவர் பார்த்த வீடியோவின் கீழே ‘வாரம் ஒருமுறை, டாக்டர் சொன்னால் மட்டும், ரத்தப் பரிசோதனையோடு’ என்று எழுதினேன். நீக்கிவிட்டார்கள். திரும்ப எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

உலக சொரியாசிஸ் தினம். தொற்றாது என்கிற அட்டைகள் நிறைய வந்தன. சலூனில் துண்டு தர மறுக்கப்பட்டவர்களுக்கு அதுவும் தேவைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, ஒரு தையல்கார அம்மா கேட்ட கேள்வி: காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லை, ஊசி பிடிக்க முடியவில்லை, வயசா இது? குழுவில் ஏற்கெனவே மூட்டு பாதித்த இருவர் அடுத்தடுத்துப் பதில் எழுதினார்கள். இந்த நோய் மூட்டுக்கும் போகும், தாமதித்தால் விரல் கோணிவிடும், தோல் டாக்டரிடமே மூட்டுவலியையும் சொல்லுங்கள் என்று. நாளை மகனோடு போகிறாராம்.

மருந்தின் பெயரோ அளவோ குழுவில் யாரும் யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது என்பதை இன்று விதியாக்கி மேலே பின் செய்துவிட்டோம். டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்பதை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.