உண்ட பின் ஒரு குறுநடை

சென்ற ஆண்டு மார்ச் மாதம் செய்துகொண்ட உடற்பரிசோதனையில், வெறும் வயிற்றில் என் இரத்தச் சர்க்கரை 6.3 என்று வந்தது. சிங்கப்பூரில் இந்த அளவை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். 6.1 முதல் 6.9 வரை இருந்தால் நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். 7-ஐத் தொட்டுவிட்டால் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டோம் என்று கொள்ளலாம். திருச்சியில் இருக்கும் என் சின்னம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "ஆறுதானாம்மா? அது ரொம்பக் குறைச்சலாச்சே, மயக்கம் கியக்கம் வரலையா?" என்று பதறிவிட்டார். அங்கே மில்லிகிராம் கணக்கு. 18-ஆல் பெருக்கி, ஏறக்குறைய 113 என்று விளக்கிய பிறகுதான் அவருக்கு நிலைமை புரிந்தது. எனக்கும் அந்த எண்ணின் கனம் அப்போதுதான் முழுமையாக உறைத்தது.

நான் பருமனானவள் அல்லள். என் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், 22-க்குச் சற்று மேல். ஆசிய உடல்வாகைக் கருதி சிங்கப்பூர் வகுத்துள்ள 23 என்ற எல்லைக்கும் உட்பட்டதுதான். ஒல்லியாக இருப்பவருக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் வெகு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது எவ்வளவு பிழையானது என்பதை 2004-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு சிறு குறிப்பு எனக்குக் காட்டியது. புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவருக்கும் பிஎம்ஐ சரியாக 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாக்னிக்கிற்கு 21.2 விழுக்காடும் இருந்தன. தராசுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு உடல்களில், ஒன்றில் தசையும் மற்றொன்றில் கொழுப்பும் மிகுந்திருந்தன. தெற்காசியர்களாகிய நமக்குப் பொதுவாக வாய்ப்பது இரண்டாம் வகை உடல். ஆகவே நம்மைப் பொறுத்தவரை, எடை எவ்வளவு என்பதோடு தசை எவ்வளவு, அதற்கு வேலை எவ்வளவு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இதைப் படித்த பிறகு, என்ன சாப்பிடுகிறேன் என்பதைப் போலவே, சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் என் உடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் கவனிக்கத் தொடங்கினேன். வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தில், எந்த ஒரு நேரத்திலும் கரைந்திருக்க வேண்டிய மொத்தச் சர்க்கரை நான்கு அல்லது ஐந்து கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. ஒரு கோப்பைச் சோறோ செரித்த பின் ஏறக்குறைய 45 கிராம் சர்க்கரையாக மாறுகிறது. இரண்டு கோப்பைச் சோறும் ஒரு அப்பளமும் உண்டு எழுந்தால், ஒரு தேக்கரண்டிக்கு மட்டுமே இடமுள்ள குளத்தில் பதினெட்டு, இருபது தேக்கரண்டி வந்து சேர்கிறது. அத்தனையையும் உடல் உடனுக்குடன் வேறு எங்கேனும் எடுத்துச் சேர்த்தாக வேண்டும். கல்லீரல் சுமார் 100 கிராம் வரை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதில் பெரும்பகுதியை வாங்கிச் சேமிப்பவை தசைகள். முன்பு வீடுகளில் நெல்லைக் கொட்டி வைத்த குதிர்களைப் போன்றவை அவை. 400 கிராம் அளவுக்குக் கொள்ளக்கூடியவை. குதிர் நிறைந்தே இருந்தால் புதிய நெல்லை எங்கே கொட்டுவது? நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் தசைகள் அப்படித்தான், முந்தைய வேளையின் சேமிப்பைச் செலவழிக்காமலேயே அடுத்த வேளைச் சாப்பாட்டை எதிர்கொள்கின்றன.

இந்தக் குதிருக்கு இரண்டு கதவுகள் உண்டு என்பதுதான் நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி. ஒரு கதவை எல்லோரும் அறிவார்கள்: கணையம் சுரக்கும் இன்சுலின் வந்து தட்டினால், தசை உயிரணுக்களின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் சர்க்கரை கடத்திகள் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரிழிவை நோக்கிச் செல்லும் உடலில் பழுதாகத் தொடங்குவது இந்தக் கதவுதான். எவ்வளவு தட்டினாலும் அது முழுவதாகத் திறப்பதில்லை. இரண்டாவது கதவுக்கு இன்சுலின் தேவையே இல்லை. தசை சுருங்கி விரிந்தாலே போதும், அதே கடத்திகள் தாமாக மேலே வந்துவிடுகின்றன. நடப்பதும் படியேறுவதும் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமர்வதும் அந்தக் கதவைத் திறப்பவை. முதல் கதவு பழுதானவருக்கும் இந்த இரண்டாம் கதவு பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது என்பதை, என்னைப் போன்று வாசற்படியில் நிற்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இதை நினைக்கும்போதெல்லாம் என் அப்பாவின் வாழ்க்கை வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. அறுபதுகளின் கடைசியில் அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். வேலை முடிந்து வந்து மூன்று தட்டுச் சோறு உண்பார் என்று அம்மா சொல்வார். 1972-இல் முதல் கொள்கலன் கப்பல் அங்கே வந்து நின்றதிலிருந்து, தோளுக்குரிய வேலை சிறிது சிறிதாகப் பாரந்தூக்கிகளுக்குப் போயிற்று. எண்பதுகளில் அப்பாவும் சுமைதூக்கி வண்டி ஓட்டும் இருக்கைக்கு மாறினார். சம்பளமும் மரியாதையும் கூடின, முதுகுவலியும் குறைந்தது. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. 48 வயதில் அவருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டது. பரம்பரையும் வயதும் இதில் சேர்ந்தே இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் எல்லாரும் அன்று சொன்னது "சோற்றைக் குறையுங்கள்" என்பதை மட்டுமே. அந்தச் சோற்றை அதுவரை வாங்கிச் செலவழித்து வந்த கால்களுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டுவிட்டது என்பதை ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றுவரை உண்டு.

உண்ட பின் குறுநடை கொள்ள வேண்டும் என்பது சித்த மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நெறி. அதை நான் சடங்கைப் போலக் கேட்டு வளர்ந்தேனே தவிர, அதன் பொருளை உணர்ந்ததில்லை. 2013-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர், 60 வயதைக் கடந்த, நீரிழிவின் வாசலில் இருந்த சிலரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பங்கேற்றவர்கள் பத்துப் பேர்தான் என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அதன் முடிவு தெளிவாக இருந்தது. மூன்று வேளையும் உண்ட பின் 15 நிமிடம் நடப்பது, ஒரே முறை 45 நிமிடம் நடப்பதற்கு ஈடாக அன்றைய சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது. இரவு உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அதைவிடவும் நன்றாகத் தாழ்த்தியது. உணவு உண்ட பின் சர்க்கரை உச்சத்தை அடைவது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில். அந்த ஏற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே கால்கள் அசைந்தால் உச்சி தாழ்கிறது. "உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு" என்று சாய்வு நாற்காலியைத் தேடும் அந்த நேரம்தான் எழுந்து நடக்க மிகச் சரியான நேரம்.

எனவே இப்போது, இரவு உணவு முடிந்ததும் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுவிட்டு, நானும் என் கணவரும் உடனே கீழே இறங்கிவிடுகிறோம். வியர்க்க வியர்க்க நடக்கத் தேவையில்லை. பேசிக்கொண்டே செல்லும் நடை போதும். மழை பெய்தாலும் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரையிட்ட நடைபாதை இருக்கிறது. நண்பகலில் அலுவலகத்தில் இருப்பேன். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டதும், நேர்வழியில் திரும்பாமல் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதை நிழலில் சுற்றிக்கொண்டு வருவேன். பத்து நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். காலை வேளையில் மட்டும் என்னால் இன்னும் முறையாகச் செய்ய முடியவில்லை. ரயிலுக்கு ஓடும் ஓட்டத்தையே நடையாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு நாளைக்கு 10,000 அடிகள் நடக்க வேண்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்த அடி எண்ணும் கருவியின் பெயர் 'மான்போ-கே'. பத்தாயிரம் அடி மானி என்பது அதன் பொருள். 2019-இல், 16,741 மூத்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிகளுக்கு மேல் அந்த ஆதாயம் கூடவில்லை. பத்தாயிரத்தை எட்ட முடியவில்லையே என்று நடையையே கைவிட்ட என் தோழிகளுக்கு இதை நான் மறுபடியும் மறுபடியும் சொல்லிவருகிறேன்.

படிக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் இலண்டன் பேருந்து ஊழியர்களை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவுகளின்படி, இருக்கையிலேயே அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் நாளெல்லாம் ஏறி இறங்கிச் சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. நான் வளர்ந்த அங் மோ கியோ புளோக்கில் மின்தூக்கி முதல் தளம், ஐந்தாம் தளம், ஒன்பதாம் தளம் ஆகியவற்றில் மட்டுமே நிற்கும். எங்கள் வீடோ ஏழாம் தளம். ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவோம். அரிசி மூட்டை இருந்தால் ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே வருவோம். பின்னர் வந்த மேம்பாட்டுத் திட்டத்தால் இப்போது எல்லாத் தளங்களிலும் மின்தூக்கி நிற்கிறது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்போருக்கும் அது பெரும் வரம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கால்கள் நன்றாக இருக்கும் நான் மட்டும், என் வீட்டுக்கு இரண்டு தளம் முன்னதாகவே இறங்கிக்கொள்கிறேன்.

பானங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பர் 30 முதல் புட்டிகளிலும், ஓராண்டு கழித்துக் கடைகளில் கலந்து தரப்படும் பானங்களிலும், சர்க்கரையைக் காட்டும் ஏ, பி, சி, டி தரக்குறிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமைத் தாண்டினால் டி. நான் பாலும் சர்க்கரையும் சேர்க்காத கோப்பி ஓ கோசோங்கிற்கு மாறி ஓராண்டாகிறது. முதல் இரண்டு வாரங்கள் கசந்தது. இப்போது இனிப்புக் கோப்பிதான் நாக்குக்கு அந்நியமாகப் படுகிறது. சோற்றுக்கு முன்பே காய்கறியையும் பருப்பையும் உண்பதும் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கிறது என்பதால், பொரியலைத் தொட்டுக்கொள்ளும் பொருளாகக் கருதாமல் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் சில வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களும், நடையைக் கூட்டுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் அகலத் திறந்தால் சர்க்கரை தேவைக்கும் கீழே போய்விடக்கூடும். அப்பாவுக்காக நாங்களும் அப்படிக் கேட்டோம். மருத்துவர் மாத்திரைகளைச் சரிபார்த்துவிட்டு, இரவில் சிறிது நேரம் நடக்கலாம் என்றும், சட்டைப்பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

எனக்கு இந்த ஆண்டு வந்த அளவு 5.8. அப்பாவுக்கு இப்போது 78 வயது. கீழே இறங்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஆகையால் ஏழாம் தளத்தின் பொது நடைவழியிலேயே, வீட்டு வாசலிலிருந்து மின்தூக்கி வரை கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார். ஒரு பக்கத்திற்கு 32 அடிகள் என்று எண்ணி வைத்திருக்கிறார். சென்ற வாரம் நான் போயிருந்தபோது, நாங்கள் மக்சிக் என்று அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவும் அவருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். "அவங்களுக்கும் சுகர்தாம்மா, ரெண்டாவது கதவைப் பத்திச் சொல்லிக் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா மறுபடியும் மின்தூக்கியின் பக்கம் திரும்பினார்.