இருட்டு ஹோல்ல பேண்ட் போட்டோ: இதுவரைக்கும் நாலு நைட்டு

நாலு நைட்டு ஆயிருச்சு. மொத்தமா 2,000 க்ளிக்குக்கு மேல இருக்கும், அதுல கூசாம நாலு பேருக்கு காட்டலாம்னு தேறுனது 17. மறந்து போறதுக்குள்ள எழுதி வச்சுக்குவோம்னுதான் இது.

இலங்கை மலைநாட்டுல, ஹட்டன்ல ஒரு கொமியூனிகேஷன் கடையில எனக்கு வேல. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. வெள்ளத் துணிக்கு முன்னால ஆள உக்கார வச்சு "நாடிய கொஞ்சம் தூக்குங்கண்ணே"ன்னு சொல்லி எடுக்கிறதுதான் நான் படிச்ச போட்டோகிராஃபி. கெமரா செகண்ட் ஹேண்ட் நிக்கோன் டி3200, அதோட வந்த 18-55 லென்ஸ். பக்கத்து தேயிலத் தோட்டத்து பசங்க அஞ்சு பேரு சேந்து ஒரு பேண்ட் வச்சிருக்கானுங்க, கல்யாண வீடு, கோயில் திருவிழா, எப்பவாச்சும் ஒரு ஹோட்டல்னு வாசிப்பானுங்க. போன்ல எடுத்த மங்கல் போட்டோவ விட்டா அவனுங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. "நீ வந்து எடுடா, சாப்பாடு நம்ம பொறுப்பு"ன்னானுங்க, போயிட்டேன்.

மொத நைட்டு டவுன்ல ஒரு கடைக்கு மேல்மாடி ஹோல். நூறு கதிர போட்டா நெறஞ்சிரும். மேடையில நாலு எல்ஈடி லைட்டு, ஓரத்துல ஒரு மஞ்ச பல்ப், அவ்வளவுதான். ஓட்டோவுல வச்சு அமுக்குனேன், கெமரா தானா ஃப்ளாஷ தொறந்துகிச்சு. பாடுற தம்பி மூஞ்சி மாவு பூசுன மாதிரி, பின்னால செவுத்துல கருப்பா நெழலு, மேடை கலர் ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது பாட்டுலயே கீபோர்ட் அண்ணன் வாசிச்சுகிட்டே மொறச்சாரு. ஃப்ளாஷ மூடுனா, இப்ப இருட்டுல ஃபோகஸ் தேடுறதுக்கு கெமரா முன்பக்கம் ஒரு குட்டி லைட்ட அடிக்குது, அது நேரா பாடுறவன் கண்ணுல. மெனுவுக்குள்ள போய் அத நிப்பாட்டவே ஒரு முழு பாட்டு போச்சு (நீங்க வீட்டுலயே நிப்பாட்டிட்டு போங்க).

சரி, எல்லாத்தையும் நம்மளே வைக்கிற மெனுவலுக்கு வந்தேன். 55க்கு ஸூம் பண்ணுனா இந்த லென்ஸ் எஃப் 5.6க்கு மேல தொறக்காது (எஃப் நம்பர் சின்னதானா ஓட்ட பெருசு, வெளிச்சம் கூட), இருட்டுக்காக கூட்டி வைக்கிற ஐஎஸ்ஓவ 3200 வச்சும் ஷட்டர் 1/15 செக்கன்தான் கெடச்சுது. 1/15ல ட்ரம்ஸ் அண்ணனுக்கு ஆறு கை. அன்னைக்கு தேறுனது ஒண்ணு, அதுவும் பேஸ் கிட்டார்காரன் செவுத்துல சாஞ்சு தண்ணி குடிச்சுகிட்டு நின்னது.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டு பாத்தா எஃப் 1.8 லென்ஸ்ல 5.6 விட கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள வருது, அப்ப 1/15 எடுத்த எடத்துல 1/150 எடுக்கலாம், இதுக்கு மேல என்ன வேணும்னு அடுத்த லீவுக்கு கண்டிக்கு போய் செகண்ட் ஹேண்ட்ல 50 எம்எம் 1.8 டி ஒண்ணு வாங்குனேன், வெல நான் நெனச்சதுல பாதி, சந்தோசம் தாங்கல. பஸ்லயே மாட்டிப் பாத்தா "எஃப்ஈஈ"ன்னு மின்னுது. லென்ஸ்ல இருக்கிற வளையத்த 22ல வச்சு லொக் பண்ணணுமாம், பண்ணுனேன், அது போச்சு. ஆனா ஃபோகஸ் மட்டும் அசையவே மாட்டேங்குது. வெசயம் என்னன்னா டி லென்ஸுக்குள்ள மோட்டார் கெடையாது, கெமரா உடம்புல இருக்கிற மோட்டார்தான் அத திருப்பணும், டி3200ல அந்த மோட்டாரே இல்ல. ஏஎஃப்-எஸ், ஜின்னு போட்ட லென்ஸ்தான் இதுக்கு ஓட்டோவா ஓடும். வித்தவரு மேல தப்பு சொல்ல முடியாது, நானும் கேக்கல அவரும் சொல்லல. பாதி வெலைக்கு ஏன் குடுத்தாருன்னு அப்பத்தான் வெளங்குச்சு.

ஆனா அந்த லென்ஸாலதான் நான் ஏதோ கத்துகிட்டேன். ரெண்டாவது நைட்டு அதே ஹோல், முழுக்க கையால ஃபோகஸ். வியூஃபைண்டர்ல ஒரு பச்சப் புள்ளி வரும், ஃபோகஸ் சரின்னு. புள்ளி வந்து நான் அமுக்குறதுக்குள்ள தம்பி ஆடி எங்கயோ போயிருவான். 10 அடி தூரத்துல எஃப் 1.8ல தெளிவா நிக்கிற ஆழம் ஒரு சாண்தான், அவன் அர எட்டு நகந்தாலே மூஞ்சி மங்கல். ஒரு மணி நேரம் தொரத்திட்டு கை ஓஞ்சு போய், மைக்கு மேலயே ஃபோகஸ வச்சுட்டு சும்மா நின்னேன். மைக் எங்கயும் போகாதுல்ல. அவன் வாய் அங்க வந்துதானே ஆகணும்!

வந்தான். ஆனா மைக் வாய மறைக்குது, எல்லா போட்டோவுலயும் கருப்பா ஒரு உருண்டைய திங்கிற மாதிரி இருக்கான். அப்பறம் பாத்தா வரி முடியுற எடத்துல மைக்க விட்டு லேசா பின்னால போய் மூச்சு வாங்குறான், அந்த அர செக்கன்ல மூஞ்சி முழுசா வருது, கண்ணும் தொறந்திருக்கு. பல்லவி முடிஞ்சு இடையிசை வந்தா கிட்டார்காரன் பக்கம் திரும்பி சிரிப்பான், எல்லா பாட்டுலயும். இது கெமராவுல வெளிச்சம் காட்டுற மீட்டர பாத்துகிட்டிருந்தா தெரியாது, பாட்ட கேக்கணும். அதுக்கப்பறம் ப்ரேக்டிஸ் நடக்கிற லயத்து காம்பரா வீட்டுக்கு கெமரா இல்லாம ரெண்டு நாள் போய் உக்காந்து கேட்டேன். பசங்க ஒரு மாதிரியாத்தான் பாத்தானுங்க. பைலான்னு ஆட்டப் பாட்டு எடுத்தா மட்டும் ஒண்ணும் வேலைக்கு ஆகல, சனம் எந்திரிச்சு ஆடும், பலகைத் தரையா இருந்தா நம்மளும் சேந்து ஆடுவோம்.

மூணாவது, நுவரெலியாவுல ஒரு ஹோட்டல். இதுக்குள்ள டி லென்ஸ வித்து மேல காசு போட்டு ஜி லென்ஸ் வாங்கிட்டேன். பசங்க வேன்லயே தலவாக்கலை, நானுஓயா வழியா போனோம், ஆறாயிரம் அடிக்கு மேல, வெளியில மிஸ்ட்டு, நல்ல குளுரு. உள்ள அடுப்பு, சனம், சூடு. கெமராவ பேக்லருந்து எடுத்த ஒடனே லென்ஸ் முழுக்க வேர்த்துப் போச்சு, தொடச்சா திரும்ப வேர்க்குது. மொத மூணு பாட்டு எல்லாம் கனவுல வர்ற மாதிரி வெள்ளையா இருக்கு. குளுந்து கெடக்கிற கண்ணாடியில சூட்டுக் காத்து பட்டா இப்படித்தான், தேத்தண்ணி குடிக்கிறப்ப மூக்குக் கண்ணாடியில வர்ற மாதிரி. வெளியில வச்சே கெமராவ ஒரு சொப்பிங் பேக்ல போட்டு இறுக்கி கட்டி உள்ள கொண்டு வந்து அர மணி நேரம் அப்படியே விட்டா வராதுன்னு பிறகு தெரிஞ்சுகிட்டேன், அப்ப அந்த வேர்வ பேக்கு மேலதான் பிடிக்கும்.

அத விட பெரிய தொல்ல செவப்பு லைட்டு. அங்க லைட்டு போடுற ஆளுக்கு செவப்பத் தவிர வேற கலர் பிடிக்காது போல. ஸ்க்ரீன்ல பாத்தா மூஞ்சி முழுக்க தக்காளி, மூக்கு எங்க கன்னம் எங்கன்னு தெரியல. சென்சர்ல நாலு புள்ளிக்கு ஒண்ணுதான் செவப்ப பாக்கும், ரெண்டு பச்சைக்கு, ஒண்ணு நீலத்துக்கு. வெறும் செவப்பு லைட்டுன்னா முக்காவாசி சென்சர் சும்மா கெடக்கு, மிச்ச காவாசி நெறஞ்சு வழியுது. வழிஞ்சது வழிஞ்சதுதான், பிறகு கம்பியூட்டர்ல ஒண்ணும் பண்ண முடியாது. அதனால செவப்புக்கு மட்டும் ஒரு படி இருட்டா எடுத்து, கெமரா ஒண்ணும் மாத்தாம வைக்கிற ரோ ஃபைல்ல வச்சு கருப்பு வெள்ளையா மாத்துனேன், அந்த 17ல அஞ்சு அப்படி வந்ததுதான்.

இன்னொண்ணு, 1/250 வச்சப்ப படத்துல குறுக்க கோடு கோடா விழுந்துச்சு. கெமரா பழுதுன்னு பயந்துட்டேன். நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதுல நேரா எரியுற லைட்டு செக்கனுக்கு 100 தடவ மங்கி எரியுது, கண்ணுக்கு தெரியாது. மேடை எல்ஈடி வெளிச்சத்த கொறைக்கிறதே அணைச்சு அணைச்சு ஏத்தித்தான், அது ஒவ்வொரு லைட்டுக்கும் ஒவ்வொரு வேகம். 1/100க்கு எறக்குனேன், முக்காவாசி கோடு போயிருச்சு. பாடுறவனுக்கு 1/100 போதும், ட்ரம்ஸுக்கு கை கொஞ்சம் இழுக்கும், அது பாக்க நல்லாவே இருக்கு.

ட்ரம்ஸ் அண்ணன் கத தனி. "மூணு நைட்டுல என் மூஞ்சி ஒண்ணு கூட இல்லயே தம்பி"ன்னாரு, நெசந்தான், அவரு பின்னால இருட்டுல, முன்னால சிம்பல் தட்டு. நாலாவது நைட்டு, தோட்டத்து கொமியூனிட்டி ஹோல்ல, ஸ்பீக்கருக்கு பின்பக்கமா பூந்து அவரு பக்கவாட்டுல உக்காந்துகிட்டேன். காதுல பஞ்சு வைக்காம போனது மடத்தனம், மறுநாள் கடையில யாரு என்ன கேட்டாலும் "ஆ?"ங்கிறேன். மூஞ்சி கெடச்சுது. ஆனா ஒவ்வொரு உருட்டுக்கும் அண்ணன் நாக்க வெளிய நீட்டுறாரு, நல்லா வந்த நாலுலயும் நாக்கு.

அன்னைக்கு கடசி பாட்டுக்கு பசங்களோட தப்பு (தோல் கட்டுன பறை) அடிக்க தோட்டத்து பெரியவரு ஒருத்தரும் வந்திருந்தாரு. அந்தக் காலத்துல பெரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்கு ஆள் சேர்க்கிற எடத்துக்கு, ஆள் கூப்பிடவே தப்புதான் அடிச்சாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. மிஸ்ட்டுல தோலு தொஞ்சு போயிரும், சத்தம் பொத்துபொத்துன்னு வரும், அதனால ஹோலுக்கு வெளியில சருகையும் பழைய பேப்பரையும் கொளுத்தி தப்ப காய்ச்சுனாரு. தீக்கு மேல புடிச்சு மெல்ல சுத்துறாரு, வெரலால ஒரு தட்டு, காத கிட்ட வச்சு கேக்குறாரு, தல ஆட்டுறாரு, திரும்ப சுத்துறாரு. உள்ள நாலு எல்ஈடி தராத வெளிச்சம் அந்த ஒரு கை சருகுல இருந்துச்சு. ஐஎஸ்ஓ 3200, எஃப் 1.8, 1/80. தீ ஏறி எறங்குது, நான் மீட்டர பாக்கல, அவரு தட்டிட்டு காத கொண்டு போற அந்த நேரத்துக்காக நின்னு எடுத்தேன். கன்னத்து சுருக்கம், மீசையில சாம்பல் ஒரு துளி, எல்லாம் விழுந்துருக்கு. 17ல எனக்கு ரொம்ப புடிச்சது அதுதான்.

ஓடிப்போய் ஸ்க்ரீன்ல காட்டுனேன். கண்ண சுருக்கி பாத்தாரு, கெமராவ கையில வாங்கி கொஞ்சம் தள்ளி வச்சும் பாத்தாரு.

"தப்பு எங்கடா தம்பி?"

இந்த கெமராவுல 50 மாட்டுனா 75 மாதிரி நெருக்கிருது, மூஞ்சி முழுசா இருக்கு, கீழ தப்போட ஓரம் வெள்ளையா ஒரு கீத்துதான். நான் பின்னால போயிருக்கணும், பின்னால தண்ணி ஓடுற கான் இருந்துச்சு, போகல. "மூஞ்சிய பாருங்க தாத்தா, எப்படி வந்திருக்கு"ன்னேன்.

"மூஞ்சி கெடக்கு. தோலு காஞ்சது தெரியணும்ல."

கெமராவ திருப்பி குடுத்துட்டு தப்ப எடுத்துகிட்டு உள்ள போயிட்டாரு. அடுத்த திருவிழாவுக்கு, இன்னும் அகலமா புடிக்கிற 35 எம்எம் லென்ஸ் ஒண்ணு எரவலுக்கு சொல்லி வச்சிருக்கேன்.