அப்பாவின் சீ 90

இன்று விடிய அப்பாவின் ஹொண்டா சீ 90 மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை ஓடிப்போய் வந்தேன். 40ஐத் தாண்டவே இல்லை. ஆனாலும் அந்த வேகத்தில் றோட்டின் ஒவ்வொரு மேடுபள்ளமும் கைக்குத் தெரியும், கடற்காற்று முகத்தில் அடிக்கும். கிளச் பிடியே கிடையாது. காலால் கியரை மிதித்தால் கிளச் தானாக விடுபடும். 1958இல் வந்த ஹொண்டாவின் முதல் சூப்பர் கப் மோட்டார் சைக்கிளிலிருந்தே அந்த அமைப்புத்தான்.

நான் ஏங்கும் காரும் இதேபோலப் பாரம் குறைந்த ரகம். 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சட்டகம் வெறும் 68 கிலோ! முழுக் காரே கிட்டத்தட்ட 725 கிலோதான். அதனால் 120 குதிரைவலுகூட இல்லாத இஞ்சின் போதுமாக இருந்தது. வண்டி பாரமாக இல்லாவிட்டால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறைவு, வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், ஒருநாள் ஓட்டவேண்டும்.

சீ 90இல் எனக்கு மிகவும் பிடித்தது, அதை நானே கழற்றிப் பூட்டலாம் என்பது. பிளக்கில் பொறி வரவைக்கும் பொயின்டின் இடைவெளியை 0.3 மில்லிமீட்டருக்கு வைக்க அப்பாதான் காட்டித் தந்தார். எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது, ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவேன்.

அப்புறம், செயின் கவர் கீழ்ப்பக்கம் உக்கிவிட்டது. திருகோணமலையில் யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கோ, வந்து எடுக்கிறேன்.